அடுப்படியில் நடந்த பள்ளிக்கூடம்

என் மூத்த மகளுக்கு எட்டு வயதானபோது முடக்குக் காய்ச்சல் வந்தது. முழங்காலும் கணுக்காலும் வீங்கி, போர்வை பட்டாலே அழுவாள். வீக்கம் வடிந்து எல்லாம் சரியாகிவிட்டது என்று நாங்கள் நினைத்திருந்தபோது, பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் டாக்டர் அவள் நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார்.

"இதயத்துல வால்வு கெட்டுப்போயிருக்குது. ஓடக் கூடாது, தூரமா நடக்கவும் கூடாது" என்றார்.

எழுபதுகளின் தொடக்கம் அது. என் கணவர் மரக்காணத்தில் ஓர் உப்புக் கம்பெனியில் கணக்கராக இருந்தார். உப்பளத்தை ஒட்டி கம்பெனி கொடுத்த வீட்டில் இருந்தோம். பள்ளிக்கூடம் ஊருக்குள். பாத்திகளுக்கு நடுவே வரப்பில் நடந்து, ரோட்டில் ஏறி, அதற்கப்புறமும் நடக்க வேண்டும்.

"படிப்பு எங்க போயிடப் போவுது? உடம்பு தேறட்டும், வீட்லயே இருக்கட்டும்" என்றார் என் கணவர்.

மகள் காலையில் மற்ற பிள்ளைகள் பையை மாட்டிக்கொண்டு வரப்பில் போகும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நிற்பாள். அவர்கள் கண்ணுக்கு மறைந்த பிறகும் நிற்பாள். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. ஒருநாள் அவள் பையை எடுத்துவந்து அடுப்படியில் வைத்து, "இங்க வா, நான் சொல்லித்தர்றேன்" என்றேன்.

நான் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள். டீச்சர் டிரெயினிங் சேருவதற்குள் கல்யாணம் ஆகிவிட்டது. எனக்குத் தெரிந்த முறையில் தொடங்கினேன். முதலில் வேதாகமத்தில் ஒரு பகுதி வாசித்து ஜெபம் செய்வோம். பிறகு தமிழ், கணக்கு. கூட்டலுக்கும் கழித்தலுக்கும் புளியங்கொட்டை. சின்னவளுக்கு அப்போது நான்கு வயது. அக்கா பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்துகொண்டு கொட்டைகளைக் கலைத்துவிடுவாள். உப்பளத் தண்ணீரை ஒரு தட்டில் ஊற்றி வெயிலில் வைத்தோம். அது காய்ந்து ஓரமெல்லாம் உப்புப் பூத்தபோது பெரியவள் கையைத் தட்டிக்கொண்டு சிரித்தாள். அந்த நோய்க்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

எல்லா நாளும் அப்படி இருந்ததில்லை. சொல்லிக்கொண்டிருக்கும்போதே பால் பொங்கும், சோறு அடிப்பிடிக்கும். தண்ணீர் எடுக்கும் இடத்தில் ஒரு பெண் கேட்டாள்: "சீக்காளிப் பொண்ணை வீட்ல வெச்சிப் படிக்க வெக்கிறியாமே, கலெக்டர் ஆக்கப் போறியா?" குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அன்று பாடமும் ஓடவில்லை, சமையலும் ஆகவில்லை. வாங்கிய மீன் கழுவாமல் கிடந்தது. நான் அடுப்பின் முன்னால் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன்.

அந்த நேரம் பார்த்து எங்கள் போதகரின் மனைவி வந்தார். போதகரை ஐயர் என்பதால் அவரை ஐயரம்மா என்றுதான் அழைப்போம். திண்டிவனத்திலிருந்து போதகர் எங்கள் சின்ன சபைக்கு ஆராதனை நடத்த வரும்போது கூடவே வருவார், வீடுகளுக்கும் போவார். நான் கண்ணைத் துடைப்பதைப் பார்த்தார். புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு அரிவாள்மணையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நீ போய்ப் புள்ளைங்களுக்குப் பாடத்தைச் சொல்லும்மா. மீனை நான் ஆயுறேன்."

"ஐயோ, நீங்க போய்..."

"ஏன், எனக்கு மீன் ஆயத் தெரியாதா? போ."

அதற்குப் பிறகு மரக்காணம் வரும்போதெல்லாம் எங்கள் அடுப்படியில் ஏதாவது ஒரு வேலையைப் பிடுங்கிச் செய்துவிட்டுத்தான் போவார்.

அடுத்த ஐப்பசி மழையில் பெரியவளுக்கு மறுபடியும் காய்ச்சல் வந்தது. இம்முறை மூச்சு வாங்கியது. படுக்க முடியாமல் என் மேல் சாய்ந்தே உட்கார்ந்திருந்தாள். ரோட்டில் தண்ணீர் ஓடியதால் பஸ் நின்றுபோயிருந்தது. கம்பெனி உப்பு லாரியில், டிரைவர் பக்கத்தில் அவளை மடியில் வைத்துக்கொண்டு கூனிமேடு தாண்டிப் பாண்டிச்சேரி போய்ச் சேர்ந்தோம்.

ஆஸ்பத்திரியில் சில நாள் இருந்தோம். ஒரு காலை கொஞ்சம் தெளிவாக இருந்தாள். "அம்மா, இன்னிக்கு நாம ஜெபம் பண்ணலியே" என்றாள். செய்தோம். கடைசியில் என்னோடு சேர்ந்து ஆமென் சொன்னாள். நான் தலைவாரி விட்டேன். என் கணவர் டீ வாங்கப் போயிருந்தார். பின்னலை முடிப்பதற்குள் அவள் தலை என் கையில் கனத்தது. தூங்குகிறாள் என்று நினைத்து, பின்னி முடித்து ரிப்பனும் கட்டினேன். நர்ஸ் வந்து பார்த்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அடக்கம் பண்ணிவிட்டு வந்த அன்று பாத்தி, வரப்பு எதுவும் தெரியாமல் உப்பளம் முழுக்க ஒரே தண்ணீராகக் கிடந்தது. துக்கம் கேட்க வந்த ஒருத்தி, "படி படின்னு படிக்க வெச்சதுலதான் புள்ள உடம்பு தளர்ந்துபோச்சி" என்று மற்றவளிடம் சொன்னது என் காதில் விழுந்தது. டாக்டர் அப்படிச் சொல்லவில்லை என்று என் கணவர் எத்தனையோ முறை எடுத்துச் சொன்னார். அந்தச் சொல் என் மனதை விட்டுப் போகவில்லை. புத்தகங்களையும் சிலேட்டையும் பரணில் போட்டேன். வேதத்தையும் திறக்கவில்லை. சின்னவளுக்குச் சோறு போடுவேன், குளிப்பாட்டுவேன், அவ்வளவுதான். அவளும் என்னிடம் எதுவும் கேட்காத பிள்ளையாகிவிட்டாள்.

மழைக்காலம் முடிந்து பாத்தி கட்டும் வேலை தொடங்கியபோது ஐயரம்மா வந்தார். வழக்கம்போல அரிவாள்மணையை இழுத்துப் போட்டுக்கொண்டார். கடையிலிருந்து புளி கட்டி வந்த செய்தித்தாளை விரித்து மீனைக் கொட்டினார். சின்னவள் எதிரில் குந்தி அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெல்ல ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, "க... ட... ல்... கடல்" என்றாள். விரலை நகர்த்தி அடுத்த சொல்லையும் படித்தாள்.

ஐயரம்மா கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "இதுக்கு எழுத்துக் கூட்டவெல்லாம் சொல்லிக்குடுத்திருக்கியே?"

"இல்லீங்களே. நான் எதுவும்..."

"அக்கா சொல்லிக்குடுத்திச்சி" என்றாள் சின்னவள். "அம்மா சமைக்கிறப்ப."

"அக்கா அடிக்குமா?" என்று கேட்டார் ஐயரம்மா.

"ம்ஹும். தப்பாப் படிச்சா, 'பரவாயில்ல கண்ணு, இன்னொரு வாட்டி'ன்னு சொல்லும். அம்மா மாதிரியே சொல்லும்."

நான் அப்படிச் சொல்வேன் என்பதே எனக்கு அதுவரை தெரியாது. கத்தியதும் சலித்துக்கொண்டதும்தான் நினைவில் நின்றிருந்தன. சுவரில் சாய்ந்து, அடக்கத்தன்றுகூட வராத அழுகையை அழுதேன். ஐயரம்மா மீன் கையோடு அப்படியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

மறுநாள் காலை பரணிலிருந்து சிலேட்டை இறக்கினேன். ஜெபம் செய்யக் கண்ணை மூடினேன், வார்த்தை வரவில்லை. சின்னவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவளாகவே ஜெபித்தாள். அக்காவுக்கு உடம்பு நல்லாகணும் என்று பழக்கத்தில் சொல்லிவிட்டு, நிறுத்தி, என் முகத்தைப் பார்த்தாள். நான் ஆமென் சொன்னேன்.

இப்போது எங்கள் சபையில் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பாடம் சொல்லித்தரும் இளம் தாய்மார் சிலர் இருக்கிறார்கள். "முடியலீங்கம்மா, நான் ஒண்ணுமே உருப்படியாச் செய்யல" என்று என்னிடம் வருவார்கள். அவர்களுக்குச் சொல்ல என்னிடம் பெரிய போதனை எதுவுமில்லை. என் பெண்களைப் பற்றிச் சொல்வேன். முடிந்தால் அவர்கள் வீட்டுக்குப் போய் வெங்காயமாவது உரித்துக் கொடுத்துவிட்டு வருவேன். ஏன் அவளை எடுத்துக்கொண்டீர் என்று ஆண்டவரிடம் கேட்டதற்கு இன்னும் எனக்குப் பதில் கிடைக்கவில்லை. கேட்பதை நான் நிறுத்தவும் இல்லை.

சிலேட்டை இறக்கிச் சில வருடம் கழித்து, வீட்டிலேயே படித்த சின்னவள் மூன்றாம் வகுப்புப் பாடத்தை முடித்துத் தன் அக்கா போயிராத கணக்குகளுக்குள் போன அன்று, புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அதற்கு மேல் நான் யாருக்கும் சொல்லித்தந்ததில்லை. அவள் சிலேட்டைத் துடைத்துவிட்டு, "சொல்லும்மா" என்றாள். சொல்லத் தொடங்கினேன்.