நான் சத்தமாகச் சொன்ன செபம்

எங்கள் வீட்டுச் செபமாலையில் என் குரல்தான் பெரியது. அந்தக் கர்வம் ஒன்பது வயதிலேயே எனக்குத் தலைக்கேறியிருந்தது. சின்னமனூருக்குப் பக்கத்தில், கோயிலுக்கும் திராட்சைத் தோட்டத்துக்குமாக நடந்தே காலம் தள்ளிய குடும்பம் எங்களுடையது. சாயங்காலம் ஏழு மணிக்கு மெழுகுவத்தி ஏற்றி, இயேசுவின் திருஇருதயப் படத்தின் கீழே செல்போனைச் சாய்த்து வைப்போம். அதற்குள் வீடியோ காலில் அமெரிக்காவிலிருந்து பெரியப்பா வந்து உட்கார்ந்திருப்பார். அப்பாவின் அண்ணன், அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கி, ஓட்டும் போடுகிறவர். அவருக்குப் பின்னால் சுவரில் சிலுவையில் அறைந்த பாடுபட்ட சுரூபமும் அந்த நாட்டுக் கொடியும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கும். இரண்டுக்கும் சேர்த்து ஒரே சீரியல் பல்புச் சரம்.

செபமாலையில் பத்து மணிகள் உருட்டும் ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் ஒருவர் தன் கருத்தை, அதாவது வேண்டுதலை, சொல்ல வேண்டும். மற்றவர்கள் "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று முடிக்க வேண்டும். அம்மாவின் கருத்து வருஷக்கணக்கில் மாறவே இல்லை. அவளுடைய தம்பி, என் மாமா, அதே அமெரிக்காவுக்குச் சுற்றிப்பார்க்கிற விசாவில் போனவர். விசா முடிந்த பிறகும் ஒரு பெட்ரோல் பங்கில் வேலைக்கு நின்றுவிட்டார். அவர் அங்கே இருக்க அனுமதி கிடைக்க வேண்டும். அதற்குப் பெரியப்பாவும் தினமும் கண்ணை மூடிக்கொண்டு "கேட்டருளும்" சொல்வார்.

அங்கே தேர்தல் நெருங்கிய சமயம். அன்றைக்குக் கடைசிக் கருத்து பெரியப்பாவுடையது. தலையில் புதிதாக, அவர் கட்சிக்காரர்கள் போடுகிற சிவப்புத் தொப்பி.

"கிறிஸ்துவுக்குப் பயந்த ஆட்சி இந்த நாட்டுல வரணும். அனுமதி இல்லாமத் தங்கியிருக்கிற அத்தன பேரையும் அவுகவுக ஊருக்கே திருப்பி அனுப்பணும், ஆண்டவரே" என்றார்.

நான் கூரை அதிர "கேட்டருளும்" என்றேன். அப்பாவும் சொன்னார். அம்மாவும் சொன்னாள். பிறந்ததிலிருந்து வந்த பழக்கம், வாய் முந்திக்கொண்டது. சொன்ன பிறகுதான் அவள் விரலில் மணி நின்றது.

"அத்தான், என் தம்பியும் அப்பிடித்தான இருக்கான்?" என்று கேட்டாள்.

"அவென் நம்ம பய. கோயிலுக்குப் போற பய. நான் சொல்றது களவாணிப் பயலுகள."

அம்மா அதற்கு மேல் செபமாலையைத் தொடரவில்லை. எனக்குப் பசி. சீக்கிரம் முடிந்ததே என்று சந்தோஷப்பட்டேன்.

பெரியப்பா கேட்ட ஆட்சியே அங்கே வந்தது. அடுத்த சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவின்போது, கூட்டத்தில் பஸ் கிடைக்காமல் பாதி வழி நடந்து மாமா வந்து சேர்ந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை மட்டும்.

"வேலையில இருக்கயிலயே பிடிச்சுட்டாகக்கா. துணிகூட எடுக்க விடல" என்றார்.

அம்மா அழுதாள், அப்பாவும் அழுதார். வந்த மனிதரைப் பார்த்து எதற்கு அழ வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. மாமாவின் மடியில் ஏறி உட்கார்ந்து, என் பங்கைச் சொல்லிவிடத் துடித்தேன்.

"நாங்க செபம் பண்ணித்தேன் நீங்க வந்தீக, மாமா."

"என்னன்னு பண்ணீக, ஆத்தா?"

பெரியப்பாவின் குரலிலேயே ஒரு சொல் விடாமல் ஒப்பித்தேன். என் முதுகைத் தடவிக்கொண்டிருந்த மாமாவின் கை அப்படியே நின்றது. அவர் நம்பவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, சாட்சிக்கு ஆளும் சேர்த்தேன்.

"அம்மாவும் சேந்துதேன் சொன்னாக."

மாமா நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். அவள் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அன்றிலிருந்து செபமாலையில் அம்மாவின் விரல் மணிகளை உருட்டும். "கேட்டருளும்" மட்டும் வாயிலிருந்து வராது. அவளுக்குத் தொண்டை கட்டிவிட்டது என்று நானாக முடிவு செய்தேன். தினமும் ஏழு மணிக்கு முன்னால் வெந்நீரில் உப்புப் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவளும் ஒரு நாள்கூட மறுக்காமல் வாங்கிக் கொப்பளித்தாள்.