பஸ்ஸை மறந்த கைகள்

அலன் கீ என்ற திருகுகோல் முன்பக்க போல்ட்டைக் கால் சுற்று திருப்பியது. பிறகு பின்பக்க போல்ட்டைக் கால் சுற்று, மறுபடியும் முன்பக்கம். கட்டைவிரல் நகம் கவ்வியின் இருபக்க இடைவெளியையும் தடவிப் பார்த்து, சரி என்ற பிறகே வேலை அடுத்த சுற்றுக்கு நகர்ந்தது. புதிய ஹேண்டில்பார் வண்டியில் உட்கார்ந்தது.

அந்தக் கைகளுக்கு உரியவளைத் தெருவில் எல்லோரும் நிதானம் என்றுதான் கூப்பிடுவார்கள். அண்ணனின் பைக் பட்டறையில் கழற்றிப்போட்ட பாகங்களை மண்ணெண்ணெயில் கழுவிக்கொடுக்க வந்தவள். கழுவக் கழுவ எது எங்கே போகிறது என்று கவனித்து, யாரும் சொல்லித்தராமலே மாட்டவும் கற்றுக்கொண்டாள். என்ஜின் வேலை அண்ணனுடையது. ஓட்டுகிறவரின் உடம்புக்கு ஏற்றபடி சீட்டையும் ஹேண்டில்பாரையும் மாற்றியமைப்பது இப்போது அவள் பங்கு.

"நீ ஒரு போல்ட்டை முறுக்குறதுக்குள்ள நான் ஒரு என்ஜினையே இறக்கி ஏத்திடுவேன்" என்பார் அண்ணன்.

"ஏத்துனதை மறுபடியும் இறக்குறதும் நீதானே" என்பாள் அவள்.

இந்த வண்டி ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவருடையது. ஊரெல்லாம் மற்றவர்களைக் கொண்டுபோய் விட்டவர், ஓய்வுக்குப் பிறகு மனைவியைப் பின்னால் உட்காரவைத்து ஊர் பார்க்கக் கிளம்பினார். பெரிய வண்டி, இரண்டு பக்கமும் பெட்டிகள். ஆனால் ஒரு மணி நேரம் ஓட்டினாலே விரல்கள் மரத்துப்போயின. இறங்கியதும் ஹெல்மெட் வாரைக்கூட அவரால் கழற்ற முடியாது. மனைவிதான் கழற்றிவிட வேண்டும். நரம்பில் கோளாறு இல்லை, உட்காரும் விதத்தைச் சரிசெய்யுங்கள் என்று மருத்துவர் சொன்னார். டிரைவருக்கு மனசு விட்டுப்போயிற்று. வண்டியை விற்றுவிடுவதென்று முடிவுசெய்து, ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கும்படி ஒருவரிடம் சொல்லியும்விட்டார். மனைவிக்கோ இப்போதுதான் நாலு இடம் பார்க்க வாய்த்திருந்தது. விற்பதற்குள் ஒரு தடவை முயன்று பார்ப்போம் என்று அவரைப் பட்டறைக்கு இழுத்து வந்தவர் மனைவிதான்.

நிதானம் ஹேண்டில்பாரை அழகு பார்த்து எடுப்பதில்லை. ஓட்டுகிறவரை வண்டியில் உட்காரவைத்து, கண்ணை மூடிக் கைகளைத் தன்போக்கில் நீட்டச் சொல்வாள். அவை நிற்கும் இடத்துக்கு ஏற்ப ஒரு மெல்லிய அலுமினியக் கம்பியை வளைத்து, சுவரில் மாட்டியிருக்கும் ஹேண்டில்பார்களோடு ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்ப்பாள். எது கம்பியோடு ஒத்துப்போகிறதோ அதுதான். டிரைவரின் கைகள் தயக்கமே இல்லாமல் ஓர் இடத்தில் போய் நின்றன. இவ்வளவு தெளிவாக யாரும் காட்டியதில்லை என்று அவளுக்குச் சந்தோஷம். கம்பி காட்டியபடி அகலமான, தட்டையான ஒன்றை எடுத்துப் பொருத்தினாள். இப்போது முறுக்கி முடித்தது அதைத்தான்.

கணவனும் மனைவியும் ஒரு சுற்றுப் போய்வந்தார்கள். டிரைவர் இறங்கி விரல்களை உதறினார். திருப்பத்தில் ஒரு கை எட்டவில்லை, மணிக்கட்டு பழையபடிதான் மடிகிறது என்றார்.

"விடும்மா. உன்மேல தப்பில்ல, என் கைதான் வேலைக்காகாது."

அவள் விடவில்லை. கம்பியை எடுத்து, மறுபடியும் கண்ணை மூடச் சொன்னாள். கைகள் அதே இடத்துக்கே போயின. மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"என்னக்கா?"

"இவரு எங்க வண்டியில உட்கார்ந்திருக்காரு? பஸ்ஸுல இருக்காரு. வீட்டுல பேப்பர் படிச்சாலும் இப்படித்தான் விரிச்சுப் பிடிப்பாரு. பாதி ஆயுசு அதுகூடத்தானே வாழ்ந்தாரு, என்கூடவா வாழ்ந்தாரு?"

டிரைவர் கண்ணைத் திறந்து தன் கைகளைப் பார்த்தார். முழங்கைகள் விரிந்து, உள்ளங்கைகள் தரையைப் பார்த்தபடி, அவை காற்றில் ஒரு பெரிய ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தன. நிதானம் நாக்கைக் கடித்துக்கொண்டாள். இத்தனை நேரமும் அவள் அளந்தது பஸ்ஸை.

டிரைவர் அசட்டுச் சிரிப்போடு குடிக்கத் தண்ணீர் கேட்டார். அண்ணன் ஒரு டம்ளரைக் கொண்டுவந்து நீட்டினார். அதை வாங்கிய கையையே பார்த்த நிதானம், குடிக்காமல் அப்படியே இருக்கச் சொன்னாள். முழங்கை தணிந்து, மணிக்கட்டு நேராகி, உள்ளங்கை பாதி உள்பக்கம் திரும்பியிருந்தது. இன்னொரு டம்ளரை விளிம்புவரை நிரப்பி மறுகையில் கொடுத்தாள். பயணத்தில் போலவே வண்டி தாழட்டும் என்று மனைவியையும் பின்னால் ஏற்றினாள். தண்ணீர் சிந்தாமல் இரண்டு கைகளையும் முன்னால் நீட்ட வேண்டும் என்றாள்.

"இதை வச்சுக்கிட்டு எப்படிம்மா பஸ் ஓட்டுறது?"

"ஓட்டக்கூடாதுன்னுதான் ஐயா கொடுத்திருக்கேன்."

இந்த முறை கம்பி வேறு மாதிரி வளைந்தது: ஒடுக்கமாக, உள்ளங்கை அகலத்துக்கு உயர்ந்து, நுனிகள் ஓட்டுகிறவரை நோக்கிச் சற்றே சரிந்து. அதற்கு ஒத்துவந்தது முன்பு அவள் ஏறிட்டும் பார்க்காத ஒன்று. உயரம் கூடியதால் ஆக்சிலேட்டர் கேபிளும் பிரேக் ஹோஸும் எட்டவில்லை. கொஞ்சம் இழுத்து மாட்டினால் போதும் என்றார் அண்ணன். அவள் காதில் வாங்கவில்லை. நீளமானவற்றை வரவழைத்து மாட்டி, என்ஜினை ஓடவிட்டு, ஹேண்டில்பாரை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பினாள். எங்கேயும் கேபிள் இழுபட்டு என்ஜின் சத்தம் ஏறவில்லை. டேங்க்கில் எதுவும் தட்டவில்லை. ஆனாலும் இன்னொரு முறை திருப்பிப் பார்த்துச் சத்தத்தைக் கவனித்தாள்.

சனிக்கிழமை கணவனும் மனைவியும் பெட்டிகளை நிரப்பிக்கொண்டு நெடுஞ்சாலைக்குப் போனார்கள். ஒரு மணி நேரத்தில் திரும்புவதாகப் பேச்சு. வெயில் தாழ்ந்தும் ஆளைக் காணோம்.

"வழியிலயே வித்துட்டாங்க போல" என்றார் அண்ணன்.

அவள் துடைத்த ஸ்பேனரையே மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள்.

வண்டி வந்து நின்றது. டிரைவர் இறங்கினார். கைகளை உதறவில்லை. விரல்களைத் தாடைக்குக் கீழே கொண்டுபோய் ஹெல்மெட் வாரைக் கழற்றினார். பிறகு திரும்பி மனைவியின் வாரையும் அவரே கழற்றினார். மனைவி தாடையைத் தூக்கிக்கொண்டு சின்னப்பிள்ளை மாதிரி நின்றார்.

"ஏன் ஐயா இவ்வளவு நேரம்?"

"திரும்பணும்னே தோணலம்மா."

நிதானம் ஸ்பேனரைக் கீழே வைத்தாள். மனைவி அவள் பக்கமாக வந்து மெல்லச் சொன்னார்:

"நாளைக்கு வர்ற ஆளுக்கு வழியிலயே போன் போட்டு வரவேணாம்னுட்டாரு. நான் வாயே திறக்கல."

டிரைவர் மறுபடியும் வண்டியில் ஏறப் போனார். நிதானம் அவரிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டாள். ஓடி வந்த வண்டி, போல்ட்டுகள் இளகியிருக்கலாம். அலன் கீயை எடுத்து முன்பக்கம், பின்பக்கம், மறுபடியும் முன்பக்கம் என்று பார்த்தாள். ஒன்றும் அசையவில்லை. கைப்பிடிகளில் இருந்த தன் விரல் அழுக்கைத் துடைத்தாள். சாவியையும் துடைத்து டிரைவரிடம் நீட்டினாள். அவர் கை நீட்டுவதற்குள் மனைவி வாங்கிக்கொண்டார்.