வயிற்றுக்குள் இன்ஜின்

என் வீட்டுக்காரர் ஆவடியில் காலம் முழுக்க ராணுவ டேங்குக்கு இன்ஜின் பூட்டியவர். ரிட்டயர் ஆனதும் ஒரு பழைய பாய்மரப் படகை வாங்கி, திருநின்றவூரில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் காலி மனையில் கொண்டுவந்து நிறுத்தினார். பழவேற்காடு ஏரியில் ஓட்டப்போகிறாராம். முதல் சவாரி எனக்குத்தான் என்றார். ஐம்பத்தெட்டு வயதுவரை நான் படகில் ஏறியதில்லை. பைத்தியக்காரத்தனம் என்று வாய் சொன்னாலும், அந்தச் சவாரி எனக்கு வேண்டியிருந்தது.

காற்று நின்றுவிட்டால் பாய் உதவாது, இன்ஜின் வேண்டும். அதைப் பின்பக்கம் வெளியே மாட்டுவதா, படகின் வயிற்றுக்குள் பதிப்பதா என்று அவரும் அவரோடு ரிட்டயர் ஆன கூட்டாளியும் ஆறு மாதம் விவாதித்தார்கள். அதாவது, கூடத்தில் உட்கார்ந்து என் காபியைக் குடித்தார்கள். இருவரும் கடலைப் பார்த்ததே மெரினாவில் சுண்டல் வாங்கும்போதுதான்.

"வெளிய மாட்டினா, ஆழம் கொறஞ்ச இடத்துல தூக்கிக்கலாமே. அங்க மீன் புடிக்கிறவங்க அப்படித்தானே வெச்சிருக்காங்க?" என்றேன். இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். ஒரு தடவை கரையில் நின்று பார்த்தால் போதும்.

"உனக்கு இன்னா தெரியும்? டேங்குக்கு இன்ஜின் வெளியவா தொங்கினு கீது?" என்றார் அவர். "கரெக்டு மச்சான்" என்றார் கூட்டாளி. அந்த ஆளுக்கு அதைத் தவிர எதுவும் வராது.

அடியில் ஓட்டை போட்டு, பழைய டீசல் இன்ஜின் ஒன்றை உள்ளே இறக்கினார்கள். நாலு பேர் உட்காரும் படகில் அதற்கப்புறம் இன்ஜின்தான் வசதியாக உட்கார்ந்தது. கிளம்பும் நாளன்று பூஜை. சக்கரமே இல்லாததற்கு எலுமிச்சம்பழத்தை எங்கே வைப்பது என்று அதற்கும் ஒரு மணி நேரம். கடைசியில் படகை ஏற்றிய லாரியின் டயருக்கடியில் வைத்தார்கள். பூஜை லாரிக்கு ஆயிற்று.

பழவேற்காட்டில் நாங்கள் இருவர் மட்டும் கரையைவிட்டு முப்பதடி போயிருப்போம். தண்ணீர் இடுப்பளவுகூட இல்லை. அடியில் சுழன்ற விசிறி சேற்றைக் கடைந்துவிட்டு நின்றுபோனது. இவர் பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கித் தள்ளினார். படகு அசையவில்லை. எனக்கு முதலில் அழுகை வந்தது, பிறகு ஆத்திரம்.

அந்த வழியாக ஒரு மீனவர் தன் படகில் வந்தார். இன்ஜினைத் தூக்கி வைத்துவிட்டுக் கழியால் ஊன்றிக்கொண்டிருந்தார். "கரையில வுடணுமாம்மா?" என்று கேட்டார்.

"கரைக்கு வேண்டாம் தம்பி. ஏரியில ஒரு சுத்து கூட்டிட்டுப் போங்க" என்று மீனவரின் படகில் ஏறி உட்கார்ந்தேன்.

சேற்றில் நின்றபடி என் வீட்டுக்காரர், "நானும் வர்ட்டா?" என்று கேட்டார்.

இடம் இருந்தது. இல்லை என்றேன்.