கிளிஞ்சல்மேட்டில் நின்ற ஒலி

காலை 7.10. மயிலாடுதுறையில் காரைக்கால் பேருந்தில் ஏறினேன். பையில் ஒரு சின்ன ஸ்பீக்கர், ஹெட்போனோடு ஒரு மைக், பகுதிநேர ஆராய்ச்சிக்கான விண்ணப்பம். திங்கள் கடைசி நாள். இன்றைய சோதனை பலித்தால் நிரப்புவது, இல்லையென்றால் கிழித்துப்போடுவது என்று எனக்கு நானே கெடு வைத்திருந்தேன். இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் கிடைத்த ஆராய்ச்சி இடத்தைக் கல்யாணத்துக்காக விட்டவள் நான். பள்ளியில் இயற்பியல் நடத்தும்போதெல்லாம் அந்த ஏக்கம் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

கிராஃபீன் என்பது ஓர் அணு கனமே உள்ள கார்பன் தகடு. அணுக்கள் தேன்கூடு ஒழுங்கில் இருக்கும். இரண்டு தகடுகளை அடுக்கி, மேலுள்ளதைக் குறிப்பிட்ட கோணத்துக்குத் திருப்பினால், ஓடும் எலக்ட்ரான்கள் ஏறக்குறைய நின்றுபோகும். அதைப் பார்க்கும் ஆய்வுக்கூடத்துக்கு நான் எங்கே போவேன்? ஆனால் இரண்டு பலகைகளில் அதே ஒழுங்கில் துளையிட்டு, அதேபோல் திருப்பி அடுக்கினால், எலக்ட்ரான் செய்வதை ஒலி செய்யும். இப்படி அமைப்பாலேயே புதுக்குணம் பெறும் பொருளை மெட்டாமெட்டீரியல் என்கிறார்கள்.

8.40. காரைக்கால். கிளிஞ்சல்மேட்டுக்கு ஆட்டோ நூறு ரூபாய்.

"மீன் வாங்கப் போறீங்களாங்க?"

"இல்லைங்க, ஓட்டை போட்ட பலகை வாங்க."

ஓட்டுநர் கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு வேகத்தைக் கூட்டினார்.

9.10. ஃபைபர் படகு கட்டும் செல்வமணி அண்ணனிடம்தான் வரைபடம் கொடுத்திருந்தேன். இரண்டு பலகை, நடுவில் மெல்லிய பிளாஸ்டிக் தாள். துளைகள் வரைந்தபடியே அச்சாக இருந்தன. ஆனால் மேல்பலகை கீழ்ப்பலகையோடு நேராக ஒட்டியிருந்தது.

"நீங்க கோணலா வரைஞ்சிருந்தீங்க டீச்சர். நான்தான் நேராக்கி ஒட்டிட்டேன். கோணலா குடுத்தா எம்பேரு என்னாவறது?"

"ஐயோ அண்ணே, அந்தக் கோணல்தான் வேணும்!"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் முகம் சுண்டிப்போனது. நான்கு மூலையில்தான் ரெசின் பசை வைத்ததாகச் சொல்லி, கட்டிங் மெஷினை எடுத்தார். எங்கே விரிசல் விடுமோ என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

11.30. பலகைகள் பிழைத்தன. நடுத்துளையில் ஸ்பீக்கர். நேராக இருந்தபோது ஒலி பலகையெங்கும் ஓடியது. அண்ணன் மேல்பலகையை மெல்லத் தட்டித் திருப்பினார்.

"இவ்ளோ போதுமா?"

"இன்னும் ஒரு நூல்."

வெளியே ஒரு படகு எஞ்சின் உறும, அது ஓயும்வரை காத்திருந்தோம். பிறகு மைக்கை நகர்த்தினேன். நடுவில் ஒலி அப்படியே இருந்தது. நான்கு விரல் தள்ளி, ஒன்றுமில்லை. திரும்பத் திரும்ப நகர்த்திப் பார்த்தேன். ஹெட்போனை அண்ணன் காதிலும் வைத்தேன்.

"இதாங்களா அந்தக் கிராஃபீன்?"

"அசல் இல்லண்ணே. அதுமாதிரி நடந்துக்குது."

"மாதிரியே இப்புடின்னா, அசல ஒருதரம் போயிப் பாத்துடுங்க டீச்சர்."

ஸ்பீக்கரை அணைத்தேன். கேட்டுவிட்டால் தீரும் என்று நினைத்த ஏக்கம் இரண்டு மடங்காகிவிட்டதே!

1.20. திரும்பும் பேருந்து. மடியில் பலகைகள், அவற்றின்மேல் விண்ணப்பம். நண்டலாற்றுப் பாலம் தாண்டியதும் பேனாவைத் திறந்தேன். 'முன்பு ஆய்வு செய்த இடம்' என்று ஒரு கட்டம். 'படகுப் பட்டறை, கிளிஞ்சல்மேடு' என்று எழுதினேன். பேருந்து குலுக்கியதில் எழுத்து கோணலாக விழுந்தது. நான் அதை நேராக்கவில்லை.