மருமகனும் உம்மாவின் றால் பொரியலும்

நேற்று மதியம் என் உம்மா என் புருஷனைக் கொல்லப் பார்த்தார்!

(பாசத்தினால்தான். யாரும் பொலிசுக்குப் போக வேண்டாம்.)

என் கையில் மருதோண்டிச் சிவப்புக்கூட இன்னும் போகவில்லை. எங்கள் கல்முனைப் பக்கம் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். புது மருமகன் "போதும்" என்றால் எந்த மாமிக்கும் காது கேட்காது.

உம்மா றால் பொரியலை அள்ளி அள்ளி வைத்தார். (இறாலைத்தான் நாங்கள் றால் என்போம்.) இவரும் மறுபேச்சில்லாமல் தின்றார்.

கொஞ்ச நேரத்தில் இவருடைய குரல் கரகரத்தது.

"பாத்தியா மகள், மருமகனுக்கு வெக்கத்தில கதையே வருகுதில்ல!" உம்மாவுக்கு ஒரே பெருமை.

பிறகு இருமல்.

"புரைக்கேறிட்டு!" என்று உம்மா இவருடைய உச்சந்தலையில் தட்டத் தொடங்கினார். தட்டிய தட்டில் தொப்பி கழன்று கறிக்குள் விழுந்தது!

அப்போதுதான் கவனித்தேன். உதடு வீங்கியிருந்தது. மூச்சு விடும்போது விசில் சத்தம் கேட்டது. ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்கு ஓடினோம்.

டொக்டர் கேட்டார், "தம்பி, என்ன சாப்பிட்ட நீங்க?"

இவர் உம்மாவைப் பார்த்தார். "கோ... ழி..."

கோழியா? எங்கள் வீட்டில் நேற்றுக் கோழி இறகுகூட இல்லை!

"யா அல்லாஹ்! உங்கட மூச்சு பெரிசா, மாமிட மனசு பெரிசா? றால் எண்டு சொல்லுங்க!" என்று கத்தினேன்.

டொக்டர் எங்கள் பஞ்சாயத்து முடியும்வரை நிற்கவில்லை. இவருடைய கையில் எழும்பியிருந்த தடிப்பைப் பார்த்தார், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார், தொடையில் ஊசியை ஏற்றிவிட்டார்.

"குரல் அடைச்சி, மூச்சில விசில் கேட்டு, ஒரு வசனம் முழுசாச் சொல்ல ஏலாமப் போனா அலர்ஜியா இருக்கலாம். தலையில தட்டிட்டு நிக்காம உடனே கொண்டு வாங்க," என்றார் உம்மாவிடம்.

மெல்ல மெல்ல மூச்சு சீரானது. நான் அங்கேயே நின்று அழுதுவிட்டேன்.

"சின்ன வயசிலயே எனக்கு றால் ஒத்துக்காது," என்றார் இவர்.

"அல்லாஹ்வே! மறுகா ஏன் மகன் திண்ட நீங்க?"

"நீங்க வெச்சீங்க, மாமி."

உம்மாவும் அழுதுவிட்டார்.

அலர்ஜி திரும்பவும் வரலாம் என்று இவரை வார்டிலேயே வைத்துக்கொண்டார்கள். இன்று உம்மா சாப்பாட்டுப் பார்சலோடு வந்தார். டொக்டர் சந்தேகமாகப் பார்த்தார்.

"பயப்படாதீங்க டொக்டர், மருந்துக்கும் ஒரு றால் இல்ல. முழுக்க நண்டு!"

"நண்டும் றாலுட சொந்தம்தானே!" என்று டொக்டர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

இவரோ, "தாங்க மாமி," என்று கையை நீட்டிவிட்டார்!

இந்த மனுஷனை நான் என்னதான் செய்ய, சொல்லுங்கள் மக்களே?