டயர் பேச்சைக் கேட்ட குட்டி

மனைவி சொன்னபோது பஞ்சர் கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். ஐந்து மாதக் குழந்தை, மூத்திரம் வருவதை முன்கூட்டியே சொல்லுமாம்! ஆனால் அவள் சொல்லி அடித்தாள். குட்டி காலை உதைப்பதை நிறுத்தி உதட்டைக் குவித்தால் போதும். தூக்கிக் கிண்ணத்துக்கு மேலே பிடித்து 'ஸ்ஸ்ஸ்' என்பாள். குட்டியும் சமர்த்தாகப் போய்விடுவாள்.

இப்போது விடுப்பு முடிந்து அவள் மறுபடி தையல் யூனிட்டுக்குப் போகிறாள். பிள்ளை கடையில், அப்பாவோடு.

"ஒரு வாரம் பாருங்க. சரிப்படலைன்னா அக்கா வீட்ல விட்டுடலாம்."

அக்கா வீடு ஊரின் அந்தக் கோடியில். காலையில் விட்டால் இருட்டிய பிறகுதான் பிள்ளை முகத்தைப் பார்க்க முடியும். அவர் உடனே கிண்ணத்தைக் கடைக்கு எடுத்து வந்தார்.

முதல் மூன்று நாள் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. உதடு குவிகிறதே என்று ஓடித் தூக்கினால் கொட்டாவி. கால் நின்றதே என்று பிடித்தால் சிரிப்பு. 'ஸ்ஸ்ஸ்' என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். கிண்ணத்தை வைத்துவிட்டுத் திரும்பினால் விரிப்பு நனைந்திருக்கும்.

நான்காம் நாள், ஒரு வேன் டயரைக் கழற்ற வால்வைத் திறந்து காற்றை இறக்கினார். ஸ்ஸ்ஸ்ஸ்!

"அண்ணே, பாப்பா ஒண்ணுக்குப் போயிடுச்சு," என்றார் வேன்காரர்.

"அடிப்பாவி! இத்தனை நாளா டயர் சொல்றதையா கேட்டுட்டு இருந்தே?"

அதற்குப் பிறகு குட்டியைப் பார்க்காமல் அவர் எந்த வால்வையும் தொடவில்லை. அவளும் சில நேரம் கண் கொட்டாமல் அவரையே பார்த்தாள். உதடும் குவியவில்லை, காலும் நிற்கவில்லை. எதற்கு இந்தப் பார்வை என்று அவருக்குப் பிடிபடவே இல்லை. ஆனாலும் அப்போது தூக்கிப் பிடித்தால் கிண்ணம் சத்தம் போட்டது. இது என்ன கணக்கோ!

வாரக் கடைசியில் மனைவி நேராகக் கடைக்கே வந்து பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். குட்டி தலையைத் திருப்பி அப்பாவையே பார்த்தாள்.

"ஏய், கிண்ணத்தை எடு! வருது!"

"உங்களுக்கு ஒண்ணும் தெரியாது. உதட்டைப் பாருங்க, குவியவே இல்ல. இது தூக்கம்ங்க."

சொல்லி வாய் மூடவில்லை, மனைவியின் உடுப்பு இடுப்பு வரை நனைந்துவிட்டது.

"என்கிட்ட சொல்லலையே," என்றாள். குரல் உடைந்திருந்தது.

இனி அக்கா வீட்டுப் பேச்சே வராது. துள்ளிக் குதித்திருக்க வேண்டியவர், சந்தோஷப்படுவதா அவளைத் தேற்றுவதா என்று தெரியாமல் கையில் துண்டோடு நின்றார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எப்படிப் பார்ப்பா? எனக்கும் சொல்லிக் குடுங்க," என்றாள்.