ஒடியல் மா இல்லை

"ரீச்சர், நீங்கள் படிப்பித்ததால் என் வேலை போகப்போகிறது." வகுப்பு முடிந்த பிறகு ரோசா இப்படிச் சொன்னதும் எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷம் லண்டனில் ஆங்கிலம் படிப்பித்தவளுக்கு அப்படியொரு குற்றச்சாட்டு வந்ததில்லை.

ரோசா போர்த்துக்கலின் மதேராத் தீவிலிருந்து வந்தவள். தென் லண்டன் நோர்பரியில் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவரின் பலசரக்குக் கடையில் ட்ரையலுக்கு நின்றாள். வேலை நிரந்தரமானால்தான் மகளை ஊரிலிருந்து கூப்பிடலாம்.

ஒரு பொருள் இல்லையென்றால் போர்த்துக்கீசியர் ஆங்கிலத்தில் "நோ ஹாவ்" என்று முடித்துவிடுவார்கள். அவர்கள் மொழிக்கு அது போதும். நம்முடைய 'இல்லை'யும் அப்படித்தான், அதனால் அவர்கள் எங்கே சறுக்குவார்கள் என்பது எனக்கு அத்துப்படி. காலி பிஸ்கட் டின்னைத் திறந்து நீட்டுவேன். "தேர் ஆர்ன்ட் எனி" என்று முழுதாகச் சொல்லும்வரை மூடமாட்டேன். ரோசா அதில் வெளுத்துக்கட்டுவாள்.

சனிக்கிழமை நேரே கடைக்குப் போனேன். முதலாளி தவம் என்னைக் கண்டதும் தொடங்கிவிட்டார்.

"ரீச்சர், வாற சனத்திட்ட மூஞ்சியில அடிச்ச மாதிரி இல்லையெண்டுறா. நாங்கள் நாளைக்கு வரும் எண்டெல்லோ சொல்லுறனாங்கள். இல்லையெண்டால் ஆள் மற்றக் கடைக்குப் போயிடும்."

"வராத சாமானை ஏன் தம்பி வரும் எண்டு சொல்லுறீர்?"

அப்போது போன் அடித்தது. ரோசா எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். வட லண்டன் எட்மண்டனிலிருந்து ஒரு பெண், கூழுக்குப் போடுகிற பனங்கிழங்கு மாவான ஒடியல் மா இருக்கிறதா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். 'நாளைக்கு' என்று தவம் கையைக் காட்டினார். ரோசா திரும்பியும் பார்க்கவில்லை. இன்றைக்கு இல்லை, நாளைக்கும் இருக்காது, ஆனால் நல்ல நண்டு இருக்கிறது, பயற்றங்காய் இருக்கிறது என்று பிசகில்லாத ஆங்கிலத்தில் சொன்னாள்.

"போச்சு" என்று தவம் தலையில் கைவைத்தார். நான் விடுகிற ஆளில்லை. அவருடைய மனதை மாற்றாமல் எழும்புவதில்லையென்று ஒரு கதிரையை இழுத்துப்போட்டு இருந்தேன்.

மத்தியானம் அந்தப் பெண் தாயோடு வந்து நின்றாள்.

"போனில கதைச்ச பிள்ளை எங்கை?" என்று தாய் கேட்டார். "மாவை வேற இடத்தில எடுத்திட்டம். மற்றக் கடையளில நாளைக்கு, நாளைக்கு எண்டு அலைக்கழிச்சுப் போட்டாங்கள். இல்லையெண்டு நேரா சொன்னது இவ ஒராள்தான். அதாலதான் நண்டு இருக்கெண்டதை நம்பி இவ்வளவு தூரம் வந்தனாங்கள்."

தவம் நண்டைக் கட்டிக் கொடுத்தார். பிறகு என்னிடம், "திங்கக்கிழமையில இருந்து வேலை நிரந்தரம், போனும் இவவின்ர பொறுப்பு எண்டு நீங்களே சொல்லிவிடுங்கோ ரீச்சர்" என்றார். சொன்னேன். ரோசா அழுதுவிட்டாள், எனக்கும் கண் கலங்கியது.

இளம் ஆசிரியர்களே, இல்லாததை முழுதாகச் சொல்லப் பழக்குங்கள். அதோடு, இருப்பதையும் சேர்த்துச் சொல்லப் பழக்குங்கள். அந்த இரண்டாம் பாதி என் பாடத்தில் இருக்கவில்லை, ரோசா தானாகச் சேர்த்தது.